என் மகன் விட்டுப்போன மீன்தொட்டி

மீன்தொட்டியைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைத்தால் அது நியாயந்தான். நான் 19 வருடம் பால்மரம் வெட்டியவள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, வாளி தூக்கியவள். மீன் என்றால் எனக்குக் குழம்பில் கிடப்பதுதான் மீன். கண்ணாடிக்குள் நீந்தும் மீனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் என் மகனால் வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள் அல்லவா? அப்போது என் மூத்தவன் கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பார்த்து ஒரு மீன்தொட்டி வைத்தான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் கறுப்பு மண், மேலே விளக்கு, உள்ளே கொஞ்சம் கப்பி மீன். "இதுக்கு மீன் முக்கியமில்லம்மா, செடிதான் முக்கியம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீட்டையும் வாசலில் இருந்த முருங்கையையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டு இந்த நாலாம் மாடி வீட்டுக்கு வந்தவள் நான். செடி வைக்க ஒரு பிடி மண் இல்லையே என்று ஏங்கிய எனக்கு, பிள்ளை தண்ணீருக்குள் தோட்டம் போட்டுக் காட்டினான்!

2022 ஏப்ரலில் சிங்கப்பூர் எல்லை திறந்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து போய் வருகிறான். போகும்போது, "அம்மா, தொட்டியைப் பாத்துக்குங்க. வாரம் ஒரு வாட்டி கொஞ்சம் தண்ணி மாத்துங்க, செடி வளந்தா வெட்டிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தண்ணீர் மாற்றினேன். மீனுக்குத் தீனி போட்டேன். செடியை மட்டும் வெட்டவில்லை.

ஏன் வெட்டவில்லை என்று கேட்கிறீர்களா? பிள்ளை தன் கையால் ஒவ்வொரு தண்டாக இடுக்கியால் பிடித்து நட்டது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதில் கத்தரிக்கோலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவன் வைத்திருந்தவை எல்லாம் தண்டுச் செடிகள். உங்களில் பலர் வீட்டில் பிள்ளைகள் தொட்டி வைத்திருப்பார்கள், அதனால் சொல்கிறேன். தண்ணீர்ச் செடியில் சில, அடியில் ஒரு குருத்திலிருந்து கொத்தாக இலை விடும். சில, கல்லில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரும். தண்டுச் செடி அப்படியல்ல. நேராக ஒரு தண்டு, தண்டில் கணு, கணுவுக்குக் கணு இலை. வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். எங்கள் தொட்டியின் பின்பக்கம் விசிறிபோல இலை விரித்த கபோம்பா. அதன் பக்கத்தில் ஹைக்ரோபிலா. நடுவில் பொடி இலையும் இளஞ்சிவப்பு நுனியுமாக ரோட்டலா. ஓரத்தில் பக்கோப்பா. இந்தப் பக்கோப்பாவின் பெயரைப் பிறகுதான் விசாரித்தேன். நம் நாட்டு மருந்துக் கடையில் ஞாபகசக்திக்கு என்று விற்கிறார்களே நீர்ப்பிரமி, அந்த நீர்ப்பிரமியேதான் ஒரு வகைப் பக்கோப்பா! தெரிந்ததும் அதன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

நான்கு மாதத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? ஹைக்ரோபிலாவும் கபோம்பாவும் தண்ணீர் மட்டத்தைத் தொட்டன. தொட்ட பிறகும் நிற்கவில்லை. மேலே படுத்துக்கொண்டு பாய் விரித்தாற்போல் படர்ந்தன. மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று அத்தனை அழகு. கைத்தொலைபேசியில் மேல்பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா" என்று பதில் வந்தது. கீழே குனிந்து பார்க்க எனக்கு இடுப்பு வலி இடம் கொடுக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலை விளக்கைப் போட்டபோது கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எட்டு மீன் செத்து மிதந்தது. அப்போதுதான் தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தேன். கீழ்ப்பகுதியில் ஒரு பச்சை இலை கிடையாது. தண்டெல்லாம் பழுப்பேறி, இலை அழுகி, மண்ணின்மேல் சேறுபோலப் படிந்து கிடந்தது. ரோட்டலா இருந்த இடத்தில் நாலைந்து மொட்டைக் குச்சிகள்தான் நின்றன.

செடி பகலில் வெளிச்சத்தை வாங்கிப் பிராணவாயுவை விடும். இரவில் அதுவும் நம்மைப்போல் அந்த வாயுவைச் சுவாசிக்கும். அழுகும் இலையும் அதையே தின்னும். மேலே பாய்போல மூடியிருப்பதால் வெளிக்காற்று தண்ணீரில் கலக்க வழியில்லை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாக இருப்பதால் அதில் தங்கும் வாயுவே குறைச்சல். எல்லாம் சேர்ந்து மீனின் கழுத்தை நெரித்துவிட்டன. வெட்ட மனமில்லாமல் பாசத்தால் காத்த தொட்டியில் எட்டு உயிர் போயிற்று.

மகனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து, பேருந்துக்கு வரிசையில் நின்றபடி பேசுகிறான். "தொட்டி நல்லா இருக்காம்மா?" என்றால், "நல்லா இருக்குப்பா" என்றேன்.

சொன்னது இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பாட்டியிடம். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி. மகளோடு இங்கே வந்து இருக்கிறார். படியேறி வந்து தொட்டியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "ஏம்மா, கவ்வாத்து பண்ணாம விட்டுட்டியே!" என்றார்.

கவ்வாத்து! எனக்கு அந்த வார்த்தை கேட்டு எத்தனை வருடமாயிற்று. பாட்டி விவரமாகச் சொன்னார். "தேயிலையை நீ பாட்டுக்கு விட்டா அது மரமாப் போயிடும்மா. ஆள் உசரம் தாண்டி நிக்கும். கொழுந்து எவ கைக்கு எட்டும்? அதுனாலதான் மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா மட்டமா வெட்டிப் போடுவோம். பாத்தா அடுப்புக் குச்சி மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் போனா ஒரு குச்சியில நாலு துளிர் வரும்."

அதைக் கேட்டபோதுதான் என் வீட்டுக்காரரின் ஞாபகம் வந்தது. அவர் இருந்தவரை புதுநடவுப் பகுதியில் வேலை. இளம் ரப்பர்க் கன்று சில சமயம் கிளையே விடாமல் ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகும். பெருங்காற்று அடித்தால் வளைந்து முறிந்துவிடும். அதற்கு அவர்கள் ஒரு வேலை செய்வார்கள். உச்சி இலைகளை மடக்கிக் குருத்தின்மேல் மூடி, ரப்பர் வளையத்தால் கட்டிவிடுவார்கள். குருத்துக்கு வெளிச்சம் படாது. அது திகைத்து நின்றுவிடும். கொஞ்ச நாளில் கீழே கிளை விடும். பிறகு கட்டை அவிழ்த்துவிடுவார்கள். "தலைப்பிள்ளை அடங்கினாத்தான் தம்பி தங்கச்சிக்குச் சோறு" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். நான் தலைப்பிள்ளையாகப் பிறந்தவள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது வேறு கதை.

என் தங்கை மகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடம் கேட்டேன். அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை பெரியம்மா, அறிவியலே அதுதான் என்றாள். செடியின் உச்சிக் குருத்தில் ஆக்சின் என்ற ஒரு பொருள் சுரக்கிறதாம். அது தண்டுவழியே கீழே இறங்கி, கணுக்களில் தூங்கும் பக்க மொட்டுகளை எழுந்திருக்க விடாமல் அடக்கி வைக்கிறதாம். 1930களிலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். 2014இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் பட்டாணிச் செடியை வைத்து இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். இலை தயாரிக்கும் சீனியைப் பெரும்பாலும் உச்சிக் குருத்தே இழுத்துக்கொள்கிறது. உச்சியை வெட்டியவுடன் அந்தச் சீனி பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது, அவை விழித்துக்கொள்கின்றன. ஆக, தலைப்பிள்ளை சோற்றைத் தின்கிறது என்பது நூற்றுக்கு நூறு சரி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடந்தான்!

சரி, வெட்டுவது என்று முடிவு செய்தேன். முதல் வெட்டில் நான் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது செய்யாமல் இருக்கலாம்.

ஒரே நாளில் தொட்டி முழுவதையும் மொட்டையடித்தேன். ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது, கண்ணாடியெல்லாம் பாசி. மீன் கழிவிலுள்ள சத்தை அதுவரை தின்றுகொண்டிருந்தவை அந்தச் செடிகள்தான். தின்ன ஆளில்லாமல் போனதும் பாசி வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டது. இப்போது ஒரு வாரம் ஒரு பக்கம், மறுவாரம் மறுபக்கம் என்றுதான் வெட்டுகிறேன்.

காய்கறி நறுக்கும் கத்தரிக்கோலால் வெட்டினேன். மழுங்கிய கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். இது எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். மரம் வெட்டியவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கத்தி மழுங்கினால் பட்டை பிய்யும், காயம் ஆறாது. கல்லில் தீட்டாமல் நாங்கள் தீம்பாருக்குப் போனதே இல்லை. ஆனாலும் தண்ணீர்ச் செடிதானே என்று அலட்சியம். இப்போது முடி வெட்டும் நீளக் கத்தரிக்கோல் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். கணுவுக்குச் சற்று மேலே ஒரே வெட்டு. துளிர் கணுவிலிருந்துதான் வரும். கணுவுக்கு வெகுமேலே வெட்டினால் மிஞ்சிய குச்சி வீணாக அழுகும்.

இன்னொரு தப்பு, செடி எந்த உயரத்தில் இருக்கவேண்டுமோ அந்த உயரத்திலேயே வெட்டியது. துளிர் அதற்கு மேலேதானே வளரும்? பத்தே நாளில் மறுபடியும் தண்ணீர் மட்டம். 8 அங்குலப் புதர் வேண்டுமென்றால் 4 அங்குலத்தில் வெட்டவேண்டும். முன்வரிசை குட்டை, பின்வரிசை நெட்டை. பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுக்கும்போது நிற்பதுபோல. அப்போதுதான் எல்லாருக்கும் வெளிச்சம் விழும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம் உண்டு என்று கண்டுகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ரோட்டலா வெட்ட வெட்டச் சந்தோஷப்படும். ஒரு தண்டு இரண்டு மூன்றாகப் பிரிந்து, நாலைந்து வெட்டில் புதராக நிற்கும். ஹைக்ரோபிலா பேராசைக்காரன், வாரத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் ஏறும். அவனைக் கண்டிப்போடுதான் வைக்கவேண்டும். நீர்ப்பிரமி நிதானம். இலையும் தடிப்பு, தண்டும் விறைப்பு, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கபோம்பாதான் சண்டிக்குதிரை. உச்சியை வெட்டினால் அடிக்கட்டை சரியாகத் துளிர்க்காமல் ஏமாற்றிவிடும். அதை வேரோடு பிடுங்கி, பசுமையான மேல்பாதியை மட்டும் வெட்டி மறுபடி நட்டுவிட்டு, அடியைத் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. மற்றவற்றிலும் பல வெட்டுக்குப் பிறகு அடிக்கட்டை தடித்துக் கிழடு தட்டிப்போகும். அப்போது அதையும் பிடுங்கிவிட்டு நுனிகளை நடுகிறேன். நடும்போது கீழ்க் கணு இரண்டின் இலையைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு மண்ணுக்குள் போகும்படி, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு. கடைக்காரர் கட்டிக் கொடுத்த கட்டோடு அப்படியே சொருகினால் நடுவிலுள்ளது வெளிச்சமில்லாமல் செத்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டுகொண்டே போனால் செடி செழிக்கிறது என்று ஏமாறாதீர்கள். அது இருட்டில் தவிக்கிறது. மர நிழலில் போட்ட பூசணிக்கொடி இப்படித்தான் ஓடும், காய்க்காது. அதற்காக என்னைப்போல் காலையிலிருந்து இரவுவரை விளக்கைப் போட்டுவைத்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். 8 மணி நேரம் போதும்.

இப்போது முக்கியமான ஒரு விஷயம். வெட்டிய தண்டுகளை முதலில் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு, அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் பெரிய அல்லூரில் கொட்டப் போனேன். மீன் இருக்கிற அல்லூர், செடியும் பிழைத்துப் போகட்டுமே என்ற புண்ணிய நினைப்பு. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மகன் தொலைபேசியில் அழைத்தான். "ஐயோ அம்மா, கொட்டாதீங்க!" என்று கத்தினான்.

பகாங்கில் சினி ஏரி இருக்கிறதே, தாமரைக்குப் பெயர்போன ஏரி, 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம். அங்கே 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் கபோம்பா இனந்தான் பரவி, தண்ணீருக்கடியில் காடாக மண்டிவிட்டது. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. படகு விசிறியில் அறுபட்ட ஒரு துண்டுத் தண்டு போதும், போகிற இடத்தில் முளைத்துவிடும். நம் ஆசியாவின் ஹைட்ரில்லா என்ற தண்டுச் செடி, 1950களில் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்குள்ள ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. வெட்டினால் பெருகும் என்ற அதே குணம், தொட்டிக்குள் நமக்கு நல்லது, வெளியே போனால் நாசம். தோட்டத்து ஏரியிலும் பழைய ஈயக் குட்டையிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் வாசகர்களே, வெட்டிய ஒரு துணுக்கைக்கூட அல்லூரிலோ ஆற்றிலோ போடவேண்டாம். நான் நடைபாதைக் கம்பியில் சாக்கு விரித்து, சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுகிறேன். ரோஜா நன்றாகவே பூக்கிறது.

அன்றைக்குத் தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக எட்டு மீன் செத்ததையும் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "ஏம்மா வெட்டல?" என்று கேட்டான்.

"நீ நட்டதாச்சே" என்றேன்.

மறுமுனையில் பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது.

2022 தீபாவளிக்கு ஒரே நாள் வந்து போனான். மறு வருடம் வேலை முறை மாறி வரவே முடியவில்லை. 2024 தீபாவளிக்குத்தான் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்தது. வந்தவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிமுன் போய் உட்கார்ந்தான். நான் அடுக்களையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டலாப் புதர் இரண்டு பக்கமும் சரிந்து இறங்க, நடுவில் வழிவிட்டாற்போல் மண் தெரிய, பின்னால் ஹைக்ரோபிலா வேலிபோல மட்டமாக நின்றது. கப்பிகள் எண்ண முடியாமல் குட்டி போட்டிருந்தன.

"நான் வெச்ச மாதிரியே இல்லியேம்மா. நான் வெச்ச செடி ஒண்ணாவது இருக்கா இதுல?"

"எல்லாமே நீ வெச்சதுதான்யா" என்றேன்.

போகும்போது அவனாகவே கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து நுனியாக வெட்டினான். நான் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஜாம் போத்தலில் வைத்துக் கொடுத்தேன். முறுக்கு டின்னைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, போத்தலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஜொகூர் பேருந்தில் உட்கார்ந்தான்.

அடுத்த வாரமே தொலைபேசி வந்தது. "அம்மா, சின்னத் தொட்டி ஒண்ணு வாங்கி நட்டேன். இலையெல்லாம் கொட்டுது."

"புதுத் தண்ணி இல்ல, அப்படித்தான் கொட்டும். தண்டு பச்சையா இருக்கா?"

"இருங்க, பாக்குறேன்" என்றான். விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. "பச்சையாத்தான் இருக்கு."

"அப்ப புடுங்காம விடு. கணுவுல வரும்" என்றேன்.